டெக்சஸில் இருந்த நட்சத்திரம் வாஷிங்டனில் எங்கே போனது?

கேள்வி: ஆறு வருடம் டெக்சஸ் இர்விங்கில் இருந்துவிட்டு, போன மாதம் வாஷிங்டன் மாநிலம் பெல்வியூவுக்குக் குடிவந்தோம். கணவர் எச்-1பி வேலை விசாவில், நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில். எனக்கு வேலை அனுமதி அட்டையும் இருக்கிறது. டெக்சஸ் லைசென்ஸில் வலது மேல் மூலையில் தங்க நிறத்தில் நட்சத்திரம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு இங்கே புது லைசென்ஸ் வாங்கினால் நட்சத்திரத்தைக் காணோம். அதற்குப் பதில் ‘ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை’ என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் குடிவரவு ஸ்டேட்டஸில் ஏதாவது கோளாறா? இந்த அட்டையோடு விமான நிலையம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 45 டாலர் அபராதம் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அடுத்த மாதம் டல்லாஸில் நாத்தனாருக்கு வளைகாப்பு. நாங்கள் இருவரும், நான்கு வயது மகனும், மாமனாரும் போகிறோம். மாமனாருக்கு கிரீன் கார்டு உண்டு, லைசென்ஸ் இல்லை. இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், பின்பெயர் கிடையாது. விசாவில் எஃப்என்யு என்று போட்டிருக்கிறார்கள். அதனால் சிக்கல் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் ஸ்டேட்டஸுக்கும் அந்த நட்சத்திரம் காணாமல் போனதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கர் இருப்பார். சியாட்டிலிலேயே பிறந்து வளர்ந்தவராகக்கூட இருக்கலாம். அவர் சாதாரண லைசென்ஸ் வைத்திருந்தால் அதிலும் இதே வரிதான் இருக்கும். கேட்டுப் பாருங்கள், எடுத்துக் காட்டுவார்.

அந்த வரி உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, அட்டையைப் பற்றிச் சொல்கிறது. அட்டை ‘ரியல் ஐடி’ என்ற ஒன்றிய அரசுத் தரத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம் நட்சத்திரம். அந்தத் தரத்தில் இல்லை, ஒன்றிய அரசின் சில தேவைகளுக்குச் செல்லாது என்பதுதான் ‘ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை’. இதை எழுதிக் கேட்பது நீங்கள் மட்டும் இல்லை. மாநிலம் மாறும் நம் குடும்பங்களில் பலர் என்னிடம் இதே பதற்றத்தோடு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் 2004இல் அறிக்கை கொடுத்தது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஏதோ ஒரு அமெரிக்க அடையாள அட்டை வாங்கி வைத்திருந்தார்கள், சிலர் மோசடி செய்து வாங்கினார்கள் என்று அது சொன்னது. லைசென்ஸ் கொடுப்பதற்கு நாடு முழுவதும் ஒரே தரம் வேண்டும் என்று பரிந்துரையும் செய்தது. அடுத்த வருடம், 2005 மே 11 அன்று, ரியல் ஐடி சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். ஆனால் அது தனிச் சட்டமாக நிறைவேறவில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும் 2004 சுனாமி நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கிய பெரிய மசோதா ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே ‘சுனாமி நிவாரணம்’ என்ற சொல் இருக்கிறது. நம் கடற்கரைகளை அழித்த அதே அலை. படைகளுக்கும் நிவாரணத்துக்குமான பணத்தை யார் எதிர்ப்பார்கள்? செனட்டில் 100க்கு 0 என்று நிறைவேறியது. ரியல் ஐடியைப் பற்றி செனட்டில் தனியாக ஒரு விசாரணைக் கூட்டம்கூட நடக்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பையில் வைத்திருக்கும் அட்டையை மாற்றிய சட்டம் அப்படி வந்திருக்கக் கூடாது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். பின்னால் வந்த இழுபறிக்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் வேலை. ஒன்றிய அரசு தன் திட்டத்தை நடத்தித் தரும்படி மாநில அதிகாரிகளுக்கு உத்தரவு போட முடியாது என்று 1997இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ரியல் ஐடி சட்டம் மாநிலத்தைப் பார்த்து ‘நீ இப்படித்தான் அட்டை கொடுக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. தன் அலுவலகங்களைப் பார்த்து ‘இந்தத் தரத்துக்கு வராத அட்டையை ஏற்காதே’ என்று சொல்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. உள்நாட்டு விமானம் ஏறும்போது, அடையாளம் கேட்கும் ஒன்றிய அரசுக் கட்டடங்களுக்குள்ளும் ராணுவ முகாம்களுக்குள்ளும் போகும்போது, அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போது, அவ்வளவுதான். கார் ஓட்ட, வங்கிக் கணக்கு தொடங்க, மருத்துவமனையில் காட்ட உங்கள் வாஷிங்டன் லைசென்ஸ் தாராளமாகப் போதும்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 2007 ஜனவரியில் மெய்ன் மாநிலம் முதலில் ‘இதைச் செய்ய மாட்டோம்’ என்று தீர்மானம் போட்டது. மான்டனா தனிச் சட்டமே கொண்டுவந்தது. செலவை யார் தாங்குவது, மக்களின் விவரம் எங்கெல்லாம் போகும் என்ற இரண்டும்தான் முக்கியக் கேள்விகள். நீங்கள் இப்போது இருக்கும் வாஷிங்டனும் அந்த வருடமே, ஒன்றிய அரசு பணம் தராமல் இதற்கு மாநிலப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று சட்டம் போட்டது. 2008 மே மாதம் என்று வைத்த முதல் கெடு தள்ளித் தள்ளி, கொரோனாவில் இன்னும் தள்ளி, கடைசியில் 2025 மே 7 அன்றுதான் விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்து கிட்டத்தட்ட 20 வருடம்.

இத்தனை காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்த வழியில் இணங்கியது. டெக்சஸ் 2016 அக்டோபரிலிருந்து நட்சத்திரம் போட்ட அட்டைகளையே எல்லாருக்கும் கொடுக்கிறது. உங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை, வந்துவிட்டது. வாஷிங்டன் வேறு வழியில் போனது. அது 2008இலிருந்தே ‘என்ஹான்ஸ்டு’ லைசென்ஸ் என்று ஒன்றைக் கொடுத்து வந்தது. அதை வைத்துக்கொண்டு பிளெய்ன் என்ற ஊரின் எல்லைச் சாவடி வழியாக காரில் கனடா போய்த் திரும்பலாம். ரியல் ஐடிக்குப் பதிலாக அதுவே செல்லும் என்று ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே வாஷிங்டன் தனியாக ரியல் ஐடி அட்டை எதுவும் அடிக்கவில்லை. என்ஹான்ஸ்டு வேண்டாதவர்களின் அட்டையில் 2018 ஜூலையிலிருந்து நீங்கள் பார்த்த அந்த வரியை அச்சடிக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், என்ஹான்ஸ்டு லைசென்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். எச்-1பி, எச்-4 மட்டுமல்ல, கிரீன் கார்டு இருந்தாலும் கிடைக்காது. அதாவது வாஷிங்டனில் இருக்கும் வரை, குடியுரிமை வாங்காதவர் நட்சத்திர அட்டைக்காக எந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றாலும் பயனில்லை. ‘மேலாளரைப் பார்த்துக் கேட்டால் கொடுப்பார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெக்சஸ் அட்டையையே ரகசியமாக வைத்துக்கொண்டிருக்கலாமே என்றும் தோன்றும். வேண்டாம். இந்த மாநிலத்துக்குக் குடிவந்தால் 30 நாளுக்குள் இங்கே லைசென்ஸ் வாங்க வேண்டும், பழையதைக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் செய்தது சரி.

உங்களுக்கு ஒரு நல்லதும் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? புது அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். நீங்கள் இந்த நாட்டில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் தேதியோடு அது முடியாது. டெக்சஸ் அட்டை அப்படியில்லை. ரியல் ஐடி விதிப்படி, தற்காலிக விசாவில் இருப்பவருக்கு நட்சத்திர அட்டை கொடுத்தால் அது அவருடைய அனுமதிக் காலம் வரைதான் செல்லும். வாஷிங்டன் சாதாரண லைசென்ஸுக்குக் குடிவரவு ஸ்டேட்டஸையே கேட்பதில்லை. கேட்காததால் தேதியையும் அதோடு கட்டவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மூலம் பார்த்தேன். அவர் இருந்த மாநிலத்தில் அட்டையின் தேதியை ஐ-94 தேதியோடு கட்டியிருந்தார்கள், அது முடிந்ததும் லைசென்ஸும் முடிந்தது. எச்-1பி நீட்டிப்புக்கு நேரத்தோடு விண்ணப்பித்துவிட்டார். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் 240 நாள் வரை அதே வேலையில் தொடரலாம் என்று சட்டம் சொல்கிறது. வேலைக்குப் போக அனுமதி இருந்தது, காரை ஓட்டிப் போக அனுமதி இல்லை. ரசீதை வைத்துக்கொண்டு லைசென்ஸ் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் இருந்தவர் கணினியைப் பார்த்து, குடிவரவுத் துறையிலிருந்து பதில் வரவில்லை என்றார். கைக்குழந்தையை டே கேரில் விட அவர் மனைவி ஐந்து வாரம் தெரிந்தவர்களின் காரை எதிர்பார்த்து வாசலில் நின்றார். இதைப் படிக்கிறவர்களில் நட்சத்திர அட்டையோடு வேறு மாநிலத்தில் இருப்பவர்கள், உங்கள் லைசென்ஸ் தேதியையும் ஐ-94 தேதியையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டிப்பை, தேதி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தாக்கல் செய்யச் சொல்லி நிறுவனத்தை நச்சரியுங்கள். லைசென்ஸ் அலுவலகம் உங்கள் ஸ்டேட்டஸைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் தரவுத்தளத்துக்கு ‘சேவ்’ என்று பெயர். பதில் வந்ததா என்று நீங்களே இணையத்தில் பார்க்க ‘சேவ் கேஸ்செக்’ என்று ஒரு வசதி உண்டு. அலுவலகத்தில் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

சரி, டல்லாஸ் பயணத்துக்கு வருவோம்.

நட்சத்திர அட்டை இல்லாவிட்டால் விமானம் ஏற முடியாது என்பது தவறு. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்யும் ஒன்றிய அரசு அமைப்பான டிஎஸ்ஏ ஏற்கும் அடையாளங்களின் பட்டியல் நீளமானது. அதில் வெளிநாட்டு அரசு கொடுத்த பாஸ்போர்ட் இருக்கிறது, கிரீன் கார்டு இருக்கிறது, வேலை அனுமதி அட்டையும் இருக்கிறது. உங்கள் கணவர் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். அதில் ஒட்டிய விசா காலாவதியாகிவிட்டதே என்று சிலர் பயப்படுவார்கள். விசா ஸ்டாம்ப் என்பது வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைவதற்கானது. சியாட்டிலிலிருந்து டல்லாஸ் போவதற்கு அது தேவையில்லை. பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால் சரி. நீங்கள் பாஸ்போர்ட்டையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டலாம். மகனுக்கு ஒன்றும் தேவையில்லை, உள்நாட்டுப் பயணத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் டிஎஸ்ஏ அடையாள அட்டை கேட்பதில்லை. மாமனார் கிரீன் கார்டைக் காட்டட்டும். அவருக்காக லைசென்ஸ் அலுவலகத்தில் அடையாள அட்டை எடுக்க ஓட வேண்டாம். எடுத்தாலும் இந்த மாநிலத்தில் அதிலும் அதே வரிதான் வரும்.

அந்த 45 டாலர் அபராதம் இல்லை, கட்டணம். ஏற்கத்தக்க அடையாளம் எதுவுமே கையில் இல்லாதவர், வேறு வழியில் தன்னை யாரென்று நிரூபிக்கக் கட்டுவது. 2026 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒரு முறை கட்டினால் 10 நாள் பயணத்துக்குச் செல்லும். கட்டினாலும் சரிபார்ப்பு முடிந்தால்தான் உள்ளே விடுவார்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் தவிர அது உங்களுக்கு வராது. அந்த வாட்ஸ்அப் செய்தியை உங்களுக்கு அனுப்பியவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், அவரும் பயந்துபோய்தான் அனுப்பியிருப்பார்.

இனி பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். தொலைந்தால் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். புகைப்படப் பக்கம், விசா, ஐ-797 ஒப்புதல் அறிவிப்பு, ஐ-94 எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நீங்கள் இருவரும் தனித்தனி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைச் செக்-இன் செய்யும் பெட்டியில் போடாமல் உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று 1952ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. மாமனாருக்கு அது கிரீன் கார்டு, உங்களுக்கு ஐ-94. பல வருடம் யாரும் இதைப் பெரிதாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். ஐ-94ஐ அச்செடுத்துப் பையில் வையுங்கள்.

அடுத்தது பெயர். உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக வந்தாலும், என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது மாநிலம் மாறினால் மாறிவிடும். பெயர் சிக்கல் நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும்.

உங்கள் பெயரை மலர்விழி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் முதற்பெயர் என்ற இடத்தில் மலர்விழி, பின்பெயர் என்ற இடம் காலி. அமெரிக்கத் தூதரகக் கணினிக்குப் பின்பெயர் காலியாக இருக்கக் கூடாது. அதனால் மலர்விழியைப் பின்பெயராக நகர்த்திவிட்டு, முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்என்யுவை முன்னால் வைத்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வோர் அலுவலகமும் அதை ஒவ்வொரு விதமாக எழுதும். சம்பளச் சீட்டில் ‘எஃப்என்யு மலர்விழி’, வங்கியில் ‘மலர்விழி மலர்விழி’, மருத்துவமனையில் கணவர் பெயரோடு ஒன்று. மின்னஞ்சலில் ‘டியர் எஃப்என்யு’ என்று வரும்போது மனசு எப்படி இருக்கும் என்று என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

இது உங்கள் வீட்டார் செய்த பிழை இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த எண்ணம் தமிழ்நாட்டில் வேர்பிடித்தது. அப்பா பெயரின் முதல் எழுத்து, நம் பெயர், அவ்வளவே போதும் என்று ஒரு சமூகமே பழகிவிட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய பழக்கம் அது. அதைப் புரிந்துகொள்ளும் இடம் இங்கே உள்ள படிவங்களில் இல்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

சரிசெய்ய முடியும். வேர் பாஸ்போர்ட்தான், அங்கிருந்து தொடங்குங்கள். 2023இலிருந்து சியாட்டிலிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பின்பெயர் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பியுங்கள். அப்பா பெயரா, கணவர் பெயரா என்பது உங்கள் விருப்பம். என் கருத்தைக் கேட்டால் அப்பா பெயர் என்பேன். உங்கள் பள்ளிச் சான்றிதழில் உள்ள இன்ஷியல் அதுதான், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. நாளைக்கு யாராவது ‘இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் காட்ட ஒரு சங்கிலி இருக்கும். ரியல் ஐடி கொடுக்கும் மாநிலங்களில் இந்தச் சங்கிலியைத்தான் கேட்கிறார்கள். கொடுக்கும் ஆவணங்களில் பெயர் வேறு வேறாக இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி மாறியது என்பதற்குத் திருமணச் சான்றோ நீதிமன்ற உத்தரவோ காட்டாமல் நட்சத்திரம் கிடைக்காது. நீங்கள் மறுபடி டெக்சஸ் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, இந்தக் கேள்வி வரும்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். எச்-4 நீட்டிப்போ வேலை அனுமதி விண்ணப்பமோ நிலுவையில் இருக்கும்போது நடுவில் பெயரை மாற்றாதீர்கள். பழைய பெயரில் ஒரு கோப்பு, புதுப் பெயரில் ஒரு கோப்பு என்று பிரிந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த நீட்டிப்புக்கு முன்பே புது பாஸ்போர்ட்டை வாங்கி, அந்தப் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். ஒப்புதல் வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அதற்குப் பிறகு லைசென்ஸ், கடைசியாக வங்கி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

இது எதுவும் அடுத்த மாதத்துக்குள் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. இந்தப் பயணத்துக்கு, எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்கட்டும். விமான நிறுவனத்தின் தளம் ஒற்றைப் பெயரை ஏற்காவிட்டால் நீங்களாக ஒன்றைப் போட்டு நிரப்பாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒற்றைப் பெயர்க்காரருக்கு அவர்கள் எப்படிப் பதிகிறார்கள் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள்.

மாமனார் டிக்கெட்டையும் எடுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு ஊரில் எழுதுவது போல இன்ஷியலை முன்னால் போட்டு ‘ஆர் சண்முகம்’ என்று டிக்கெட் எடுத்துவிடுவார்கள். கிரீன் கார்டிலோ முதற்பெயர் சண்முகம், பின்பெயர் ராமசாமி என்று அப்பா பெயர் முழுதாக இருக்கும். டிஎஸ்ஏவுக்கு விமான நிறுவனம் அனுப்புவது டிக்கெட்டில் உள்ள பெயரைத்தான். இன்ஷியலாக இருந்தால் நிறுவனத்தைக் கூப்பிட்டு முழுப் பெயரையும் கார்டில் உள்ள வரிசையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுபது வயதுக்காரரை ஜன்னலில் நிறுத்தி அப்பா பெயர் என்ன என்று கேட்கும் நிலை வேண்டாம். வளைகாப்புச் சேலை எடுக்கக் கடைக்குப் போகும் முன்பே இந்த அழைப்பை முடித்துவிடுங்கள்.